ஊசி போட்ட மறுநாள் அடுப்பு மூட்டியது யார்?



2021-ஆம் ஆண்டில் நீங்கள் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினீர்களே, அதற்கு மறுநாள் காலையில் உங்கள் வீட்டில் அடுப்பு மூட்டியது யார்? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே ஊசிதான். இருவருக்கும் கை வலித்தது, உடம்பு அனத்தியது. ஆனால் ஒருவர் போர்த்திப் படுத்தார், மற்றவர் வழக்கம்போல விடிய நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்தார். அந்த மற்றவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இம்மாத உடல்நலப் பாடம் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டியது. ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்டாலும் சரிதான்.

"கோவிட்தான் போயிருச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?" என்று கேட்பீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் நாள் அவசரநிலை முடிந்ததென்று அறிவித்தது உண்மை. முடிந்தது அவசரநிலை, கிருமி இன்னும் நம்மிடையேதான் சுற்றுகிறது. ஊசியும் நம்மை விட்டுப் போகவில்லை. கைக்குழந்தைக்கு ஊசி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஊசி, வயதான தாய் தகப்பனுக்குச் சளிக்காய்ச்சல் ஊசி என்று வந்துகொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் வீட்டில் ஓர் இரவு காய்ச்சல் வரலாம். அந்த இரவை எப்படிக் கழிப்பது என்பதை 2021 நமக்குக் கற்றுக் கொடுத்தது. கற்றதை மறக்கலாமா?

முதலில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 பிப்ரவரி 24-இல் மலேசியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. முன்களப் பணியாளர்களுக்கு முதலில், பிறகு வயதானவர்களுக்கும் நீண்டகால நோயாளிகளுக்கும், அதன் பிறகு 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும். ஜூன் முதல் தேதி மீண்டும் முழு அடைப்பு. சமைக்க அரிசி இல்லாத வீடுகளில் வெள்ளைக் கொடி தொங்கியதும் அந்த நாள்களில்தான். ஆகஸ்ட் 26-ஆம் நாள் ஒன்றில் மட்டும் 24,599 பேருக்குத் தொற்று என்று செய்தி வந்தது. அக்டோபரில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டு ஊசியும் போட்டு முடித்தார்கள். 11-ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போக அனுமதி கிடைத்தது. எத்தனை தாய்மார்கள் அன்றுதான் பல மாதங்களுக்குப் பிறகு பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள்!

இந்தத் தேதிகளுக்கு நடுவில் நம் வீடுகளுக்குள் நடந்தது என்ன? அதுதான் பாடம்.

பல குடும்பங்களில் மைசெஜாத்ரா வைத்துக்கொள்ளத் தக்க கைப்பேசி ஒன்றே ஒன்று. அது கணவர் சட்டைப் பையில். அவர் தன் பெயரைப் பதிந்துகொண்டார். மனைவியின் பெயரையும் அதே கைப்பேசியில் சேர்க்கலாம் என்று பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் சிலர், "அவ வீட்டுலதானே இருக்கா, அவளுக்கு என்ன அவசரம்? நான்தானே நாலு பேரோட லாரியில போறேன்" என்றார்கள். மனைவியும், "நீங்க போட்டுட்டு வாங்க, ஒங்களுக்கு ஒன்னும் ஆகலன்னா அப்பறம் நான் போட்டுக்கறேன்" என்றார். பாசம்தான். ஆனால் கணக்குத் தவறு.

ஏன் தவறு? தடுப்பூசி போட்டுக்கொண்டவரை அது கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் காக்கிறது. ஆனால் அவர் கிருமியைச் சுமந்து வரவே மாட்டார் என்று உறுதி இல்லை. தொண்டையில் லேசான கரகரப்போடு வெளியிலிருந்து வருகிறார், ஒரே பாயில் படுக்கிறார். அவருக்கு ரெண்டு நாள் தடுமனோடு போய்விடும். ஊசி போடாத மனைவிக்கு அதே கிருமி நெஞ்சில் இறங்கும். வீட்டில் இருப்பவர்தான் பத்திரம் என்பது திருடனுக்குப் பொருந்தலாம், தொற்றுக் கிருமிக்குப் பொருந்தாது. வீட்டில் ஒருவர் போட்டுக்கொண்டால் மற்றவருக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகாது.

இதில் நம் மக்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் நூற்றுக்கு முப்பத்தொரு பேர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள உடம்பில் கோவிட் கடுமையாகத் தாக்கும். ஆகவே "எனக்கு இனிப்பு நீர் இருக்கு, ஊசி போட்டா ஒத்துக்காது" என்று ஒதுங்கியவர்கள், உண்மையில் வரிசையில் முன்னால் நின்றிருக்க வேண்டியவர்கள். ஊசி போட்ட நாளிலும் நீரிழிவு மாத்திரையை, பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதைத் தம்பதிகள் ஒருவருக்கொருவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். "மாத்திரை போட்டீங்களா?" என்ற ஒரு கேள்வி பெரிய வைத்தியம்.

சரி, ஊசி போட்டால் ஏன் காய்ச்சல் வருகிறது? தோட்டத்து ஜாகாவிடம் திருடனின் படத்தைக் காட்டி, "இவன் வந்தால் விடாதே" என்று சொல்லி வைப்பது போன்றதுதான் தடுப்பூசி. சினோவாக் என்பது கொல்லப்பட்ட முழுக் கிருமி. பைசர் ஊசியில் கிருமியே கிடையாது. கிருமியின் மேலிருக்கும் முள்ளைப் போன்ற பகுதியை நம் உடம்பே செய்து பார்க்க ஒரு குறிப்பு மட்டும் அதில் இருக்கிறது. சில நாளில் அந்தக் குறிப்பு கரைந்து போய்விடும். அஸ்ட்ராசெனகாவில் அதே குறிப்பைத் தீங்கு செய்யாத வேறொரு கிருமியின் முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றும் படம் காட்டும் வழிகள். படத்தைப் பார்த்த ஜாகா தடியை எடுத்துக்கொண்டு எழுந்து ஒரு சுற்றுச் சுற்றுகிறாரே, அந்த ஆரவாரம்தான் காய்ச்சலும் உடம்பு வலியும். சிலருக்கு ஆரவாரமே இராது. அதனால் ஊசி வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

பைசர் போட்டவர்களில் பலருக்கு இரண்டாவது ஊசிதான் அதிகம் அனத்தியது. அஸ்ட்ராசெனகாவில் பெரும்பாலும் முதல் ஊசி. சினோவாக்கில் பொதுவாகக் குறைவு. வீட்டில் கணவருக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று கிடைத்து, "ஒன் ஊசி நல்லதா, என் ஊசி நல்லதா" என்று சண்டை போட்ட தம்பதிகளும் உண்டு. அந்தச் சண்டையில் மட்டும் யாருக்கும் காயமில்லை!

இப்போது அந்த இரவுக்கு வருவோம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் செம்பனையில் குலை வெட்டுகிறார். மனைவி உரம் போடப் போகிறார். மூன்று பிள்ளைகள், கடைசிக்கு இரண்டு வயது. தடுப்பூசி மையத்துக்கு எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதால் இருவருக்கும் ஒரே நாளில் ஊசி. மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் 15 நிமிடம் உட்கார வைத்து அனுப்பினார்கள். சாயங்காலம் வரை ஒன்றும் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் இருவருக்கும் குளிர் எடுத்தது. கணவர் மனைவியிடம், "கொஞ்சம் சுடுதண்ணி வச்சுக் குடு புள்ள" என்றார். மனைவி எழுந்து வைத்துக் கொடுத்தார். குழந்தை அழுதது. எழுந்தார். விடிய நாலு மணி ஆனது. எழுந்தார். தலை சுற்றி, அடுப்பங்கரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் கொதிக்கிற பானை. கணவர் கெட்டவர் அல்ல, அடிக்கிறவரும் அல்ல. மனைவிக்கும் தனக்கு வந்த அதே காய்ச்சல்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மனைவியும் வாய் திறந்து சொல்லவில்லை.

காய்ச்சலோடு சுடு பானையைத் தூக்குவது ஆபத்து. கைப்பிள்ளை இருக்கும் வீட்டில் இரட்டை ஆபத்து. இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஒன்றும் இல்லை, முன்னாள் இரவு ஒரு கால்மணி நேரப் பேச்சு போதும். தேதியை மாற்ற முடிந்தால் இருவரும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் படுத்தால் மற்றவர் பார்ப்பார். முடியாவிட்டால் முன்னாளே குழம்பு வைத்து, தண்ணீர் காய்ச்சி பிளாஸ்க்கில் ஊற்றி, மாத்திரையை எடுத்து வைத்து, "ராத்திரி பிள்ளை அழுதா நான் எந்திரிக்கிறேன், காலையில நீ எந்திரி" என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவருக்கு அடுத்த வாரம் ஊசி என்றால் நீங்கள் பதில் உதவி செய்யலாம்.

"எனக்குச் சமைக்கத் தெரியாதுங்க" என்று சொல்லும் ஆண் தோழர்களுக்காக இதோ: ஒரு கப் அரிசியைக் கழுவி எட்டு கப் தண்ணீரில் போடுங்கள். ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள். கொதித்ததும் நெருப்பைக் குறைத்து, அடி பிடிக்காமல் அவ்வப்போது கிளறி, குழைந்ததும் உப்புப் போட்டு இறக்குங்கள். ஒரு கை நெத்திலியை வறுத்துப் பக்கத்தில் வையுங்கள். கஞ்சி ரெடி. முப்பதடி மரத்திலிருந்து குலையை இறக்கத் தெரிந்தவருக்கு இது முடியாதா?

கோழி, மீன், முட்டை எல்லாம் சாப்பிடலாம். ஊசிக்குப் பத்தியம் கிடையாது. குளிக்கலாம், காய்ச்சல் அடிக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைத் துடைத்துக்கொண்டாலே போதும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஊசி போட்ட கையை ஆட்டி அசைத்துக்கொண்டிருந்தால் இறுக்கம் குறையும். சம்சு, பீர் எல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் கவனமாகப் படியுங்கள். ஊசிக்கு முன்னால் "வரப்போகுது" என்று மாத்திரை போட வேண்டியதில்லை. காய்ச்சலோ வலியோ வந்த பிறகு போடுங்கள். பனாடோல் என்று நாம் சொல்லும் பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இரண்டு. அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் போகட்டும். ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் போகவே கூடாது. கடையில் விற்கும் பல தடுமன் மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு மீறி ஈரல் கெடும். தினமும் குடிக்கிறவரும் ஈரல் நோய் உள்ளவரும் டாக்டரைக் கேட்காமல் இந்த அளவு எடுக்கக் கூடாது. பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களுக்கு ஆகாது.

இன்னொன்று. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஊசிக் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் அடித்தால் அது ஊசிக் காய்ச்சல் என்று சும்மா இருக்காதீர்கள். அது டிங்கியாக இருக்கலாம், கோவிட்டாகவே இருக்கலாம். தோட்டத்தில் கொசுவுக்கா பஞ்சம்? டிங்கியில் ஆஸ்பிரின், பொன்ஸ்தான் போட்டால் இரத்தப் போக்கு வரக்கூடும். கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இதைக் கவனிக்க வேண்டியவர் யார்? படுத்திருப்பவருக்கு நாள் கணக்கு நினைவிராது. பக்கத்தில் இருப்பவர்தான் எண்ண வேண்டும்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் முகம் வீங்கினால், மூச்சு இழுத்தால், உடம்பெல்லாம் தடித்தால் அது ஒவ்வாமை. அதற்காகத்தான் 15 நிமிடம் உட்கார வைக்கிறார்கள். முன்பே மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களை 30 நிமிடம் வைப்பார்கள். "பஸ்ஸு போயிரும்" என்று எழுந்து ஓடாதீர்கள். பைசர் போன்ற ஊசிக்குப் பிறகு சில நாளில் நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதய தசை வீக்கம் மிக அரிதாக, அதிலும் இளம் ஆண்களுக்கு வந்ததுண்டு, பெரும்பாலோர் குணமானார்கள். ஆகையால் அந்த ஊசிக்குப் பின் ஒரு வாரம் மூச்சு வாங்கும் கடும் உழைப்பைக் குறைப்பது நல்லது. குலைக்குக் கூலி வாங்குகிறவரிடம் இதைச் சொல்வது சுலபம், செய்வது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். அஸ்ட்ராசெனகாவில் மிக அரிதாக இரத்தம் கட்டியது. அந்த ஊசியை 2024-இல் தயாரித்த நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

அடுத்து, தம்பதிகள் வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டவை. ஊசி போட்டால் ஆண்மை போய்விடும், பெண்ணுக்குக் குழந்தை தங்காது என்று லயத்துக்கு லயம் பேச்சு நடந்தது. குழந்தைக்கு முயன்ற தம்பதிகளைப் பின்னர் ஆராய்ந்து பார்த்ததில் ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோவிட் நோய் வந்த ஆண்களுக்குத்தான் சில மாதம் சக்தி குறைந்திருந்தது. ஆக, பழியைச் சுமக்க வேண்டியது கிருமி, ஊசி அல்ல. கணவன் மனைவி ஒன்றாய் இருக்கத் தடையும் இல்லை. சில பெண்களுக்கு அந்த மாதம் தூரம் சற்றுத் தள்ளிப் போனது, அல்லது போக்கு அதிகமாயிருந்தது. ஒன்றிரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது. தாய்ப்பால் நிறுத்த வேண்டியதில்லை. தாயின் உடம்பில் உண்டான எதிர்ப்புச் சக்தி பால் வழியாகப் பிள்ளைக்கும் கொஞ்சம் போகிறது.

கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் முக்கியம். 2021-இல் நம் நாட்டில் 14 வாரம் முதல் 33 வாரம் வரையுள்ள கர்ப்பிணிகளுக்குப் பைசர் போட்டார்கள். அப்போது பல மாமியார்கள், "வயித்துப் பிள்ளைக்கு என்னாகுமோ" என்று தடுத்தார்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் நிறைமாதத்தில் கோவிட் வந்தால் தாய்க்கு மூச்சுத் திணறலும் பிள்ளைக்குக் குறைமாதப் பிறப்பும் ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. அந்த மாமியார்களும் தம் காலத்தில் கர்ப்பத்தோடு டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டவர்கள்தாம். பாட்டிமார் சிலருடைய கையில் பெரியம்மை குத்திய தழும்பு இன்னும் இருக்கும், பாருங்கள். அந்த நோய் உலகத்திலேயே ஒழிந்துவிட்டதென்று 1980-இல் அறிவித்தார்கள். இம்மாதிரி பேச்சு வரும்போது மருமகளைத் தனியாக மாமியாரிடம் விட்டுவிட்டு முன் வாசலில் போய் உட்காரும் கணவர்களே, கிளினிக்குக்குக் கூடப் போங்கள். தாதியிடம் நீங்களே கேளுங்கள். கேட்டு வந்ததை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்.

ஊசி போட்டும் ஒருவருக்குக் கோவிட் வந்துவிட்டால்? இரண்டு அறை வீட்டில் தனி அறை என்பது கஷ்டம்தான். ஆனாலும் நோயாளியைச் சன்னல் உள்ள அறையில் விட்டு, சன்னலைத் திறந்து வையுங்கள். இருவரும் முகக் கவசம் போடுங்கள். சாப்பாட்டை வாசலில் வையுங்கள். பேச்சை நிறுத்தாதீர்கள், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே ஊர்க்கதை பேசலாம். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் கருவியை நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் உதவும். எண் 95-க்குக் கீழே போனால், அல்லது பத்தடி நடந்ததும் மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம். நீரிழிவுக்காரருக்கும் வயதானவருக்கும் காய்ச்சல் வந்த முதல் நாளே கிளினிக்குக்குப் போவது நல்லது. தாமதமில்லாமல் போனால் கொடுக்கக் கூடிய மாத்திரைகள் இப்போது இருக்கின்றன.

கடைசியாகச் சம்பளப் பேச்சு. பலர் ஊசிக் காய்ச்சலோடு பெரட்டுக்குப் போனதற்குக் காரணம் நாள் கூலி. தீபகற்பத்தில் வேலைச் சட்டப்படி டாக்டர் சான்றிதழ் தந்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதியின்றி வராதவர் கணக்கில் சேர்ப்பார்கள். கணவர் படுத்திருந்தால் மனைவி போய்ச் சொல்லலாம், மனைவி படுத்திருந்தால் கணவர் போய்ச் சொல்லலாம். வாயால் சொல்வதோடு கைப்பேசியில் ஒரு செய்தியும் அனுப்பி வையுங்கள். கேள்வி எழுந்தால் காட்ட உதவும்.

பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசிக்குச் சம்மதப் படிவம் வரும். 2010-இலிருந்து நம் நாட்டில் போட்டு வருகிறார்கள். அந்தப் படிவம் பள்ளிப் பையிலேயே கசங்கிப் போகாமல் பாருங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். ஊசி போடும் நாளில் அவள் காலையில் பசியாறிவிட்டுப் போகட்டும். வெறும் வயிற்றோடு போகும் பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. அன்று மாலை பாத்திரம் கழுவும் வேலையை அவளுக்குக் கொடுக்க வேண்டாம். அண்ணனோ தம்பியோ இருந்தால் அவனைக் கழுவச் சொல்லுங்கள்.